ஏறுவது ஓர் ஊரில், இறங்குவது இன்னோர் ஊரில்

பயணம்: வாசகர் கேள்வி பதில்

கப்பல் சுற்றுலாவில் கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்பி வருகிற பயணம் ஒரு வகை. ஓர் ஊரில் ஏறி வேறோர் ஊரில் இறங்குவது இன்னொரு வகை. இரண்டாவதில் பார்க்கக் கிடைக்கிற ஊர்கள் அதிகம், விமான டிக்கெட்டில் சறுக்குகிற இடங்களும் அதிகம். அது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த மே மாதம் பார்சிலோனாவில் ஏறி, ஏழு இரவு கழித்து ஏதென்ஸில் இறங்குகிற கப்பலில் அறை எடுத்திருக்கிறோம். சென்னையிலிருந்து போக ஒரு டிக்கெட், வர ஒரு டிக்கெட் என்று தனித்தனியாகப் பார்த்தால் விலை மலைக்க வைக்கிறது. வேறு வழி உண்டா? (சேலம் வாசகர்)

உண்டு. தனித்தனியாகப் பார்த்ததால்தான் அந்த விலை. ஐரோப்பாவுக்குப் பறக்கிற பெரிய விமான நிறுவனங்கள் பலவற்றில், ஒருவழி டிக்கெட் போய்வருகிற டிக்கெட்டின் பாதி விலைக்குக் கிடைக்காது. சில நாட்களில் முக்கால் பங்குவரை வந்துவிடும். நீங்கள் கேட்க வேண்டியது ‘ஓப்பன் ஜா’ டிக்கெட். போகும்போது ஓர் ஊரில் இறங்கி, வரும்போது வேறு ஊரில் ஏறினாலும், விமான நிறுவனம் அதைப் போய்வருகிற டிக்கெட்டாகவே கணக்கிடும். பொதுவாக, சென்னை–பார்சிலோனா இருவழிக் கட்டணத்தில் பாதி, சென்னை–ஏதென்ஸ் இருவழிக் கட்டணத்தில் பாதி, இரண்டையும் கூட்டினால் வருகிற தொகையை ஒட்டி விலை இருக்கும். பேச்சுக்கு முதலாவது 60,000 ரூபாய், இரண்டாவது 50,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஓப்பன் ஜா 55,000 ரூபாய்க்குப் பக்கத்தில் வர வேண்டும். அதைவிட வெகுவாக ஏறியிருந்தால், ஒரு பக்கத்தில் மலிவான வகுப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். தேதியை ஒரு நாள் முன்பின் நகர்த்திப் பாருங்கள்.

விமான நிறுவனத்தின் தளத்தில் ‘மல்டி சிட்டி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். முதல் வரியில் சென்னை–பார்சிலோனா, இரண்டாவது வரியில் ஏதென்ஸ்–சென்னை. நடுவில் பார்சிலோனா–ஏதென்ஸ் என்று மூன்றாவது வரி சேர்க்காதீர்கள், அந்தத் தூரத்தைக் கடப்பது கப்பல். இரண்டு ஊருக்கும் பறக்கிற ஒரே நிறுவனமாகப் பாருங்கள். சென்னையிலிருந்து துபாய் வழியே எமிரேட்ஸும், தோஹா வழியே கத்தார் ஏர்வேஸும் இரண்டு ஊரையும் இணைக்கின்றன.

பணம் கட்டியதும் இ-டிக்கெட்டில் 13 இலக்க எண் ஒன்று இருக்கும், அதைத் தேடுங்கள். போகும் பயணத்துக்கும் வரும் பயணத்துக்கும் அதே எண் இருந்தால்தான் அது ஒரே டிக்கெட். சில இணையத்தளங்கள் இரண்டு ஒருவழி டிக்கெட்டுகளைக் கோத்து, ஒரே பயணம் போல ஒரே பக்கத்தில் காட்டி விற்கின்றன. மேலே ஒரே பதிவு எண் இருக்கும், உள்ளே டிக்கெட் எண்கள் வேறு வேறாக இருக்கும். தேதி மாற்றவோ ரத்துசெய்யவோ போகும்போதுதான் இந்த வித்தியாசம் கையைக் கடிக்கும்.

அடுத்தது தேதி. கப்பல் 14-ம் தேதி மாலை கிளம்புகிறது என்றால் 13-ம் தேதிக்குள் பார்சிலோனாவில் இருந்தே ஆக வேண்டும். 12-ம் தேதியே போய்ச் சேர்வது இன்னும் நல்லது. ஒரு விமானம் ரத்தானால் அடுத்தது பெரும்பாலும் மறுநாள்தான், அந்த ஒரு நாள் உங்கள் கையில் இருக்க வேண்டும். கப்பலில் ஏறும் பதிவு, புறப்பாட்டுக்கு 60 முதல் 90 நிமிடம் முன்பே மூடப்பட்டுவிடும். ‘மாலை 5 மணிக்குக் கப்பல்’ என்றால் மூன்றரைக்குள் துறைமுகத்தில் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் தடுமாறுகிற இடம் இன்னொன்று உண்டு. சென்னையிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் விமானங்கள் பல நள்ளிரவு தாண்டிக் கிளம்புகின்றன. 12-ம் தேதி அதிகாலை 3 மணி விமானம் என்றால், வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 11-ம் தேதி இரவு. சேலத்திலிருந்து வருகிற நீங்கள் 11-ம் தேதி மாலையே சென்னையில் இருக்க வேண்டும், ரயில் டிக்கெட்டையும் அந்தக் கணக்கில் எடுங்கள்.

திரும்பும் பக்கம்: ஏதென்ஸ் என்று சொன்னாலும் கப்பல் நிற்பது பிரேயஸ் துறைமுகத்தில். காலை 6 மணிக்குக் கரை சேர்ந்தாலும், பெட்டிகளைக் கப்பல்காரர்களிடம் ஒப்படைத்தவர்கள் வெளியே வர எட்டு, எட்டரை ஆகிவிடும். தன் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு இறங்குகிறவர்களை முதலில் விடுவார்கள். பிரேயஸிலிருந்து விமான நிலையத்துக்கு 2022 அக்டோபர் முதல் மெட்ரோவின் 3-ம் தடம் நேராகப் போகிறது, ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆனால் கப்பல் முனையங்களிலிருந்து மெட்ரோ நிலையம் நடக்கிற தூரத்தில் இல்லை. பெரிய பெட்டிகளோடு முதியவர்கள் வந்தால் டாக்சியே சரி. பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போக வேண்டும் என்பதையும் சேர்த்துக் கூட்டினால், பிற்பகல் 2 மணிக்கு முன் கிளம்புகிற விமானத்தை எடுக்காதீர்கள். எங்களைக் கேட்டால், ஓர் இரவு ஏதென்ஸில் தங்கி அக்ரோபோலிஸைப் பார்த்துவிட்டு மறுநாள் கிளம்புங்கள். அவ்வளவு தூரம் போய் அதைப் பார்க்காமல் திரும்புவது மனசுக்கு ஆகாது.

இதே மாதிரிப் பயணத்துக்கு எந்த நாட்டுத் தூதரகத்தில் ஷெங்கன் விசா கேட்பது? விமான டிக்கெட்டை விசாவுக்கு முன் வாங்குவதா, பின் வாங்குவதா? (கோயம்புத்தூர் வாசகி)

ஷெங்கன் என்பது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஒரே விசா. அதிக நாள் எந்த நாட்டில் கழிகிறதோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. கப்பல் நிற்கிற ஊர்களை ஒரு தாளில் நாட்டுவாரியாக எழுதி, முன்னும் பின்னும் நிலத்தில் தங்கும் நாட்களையும் கூட்டிப் பாருங்கள். கப்பலுக்கு முன் பார்சிலோனாவில் இரண்டு நாள் தங்கி, வழியில் இத்தாலியில் மூன்று ஊர்கள் வந்தால், கணக்கு இத்தாலி பக்கம் சாய்ந்துவிடலாம். ஐரோப்பிய நகரம் ஒன்றில் விமானம் மாறாமல், வளைகுடா வழியே நேராக ஸ்பெயினில் இறங்கினால் ‘முதலில் நுழைந்தது எங்கே’ என்ற கேள்விக்கே இடமில்லை.

கப்பல் துருக்கியிலோ மாண்டினீக்ரோவிலோ நின்றால் நீங்கள் ஷெங்கன் எல்லையைத் தாண்டி வெளியே போய் மறுபடி உள்ளே வருகிறீர்கள். ஒருமுறை நுழைவு விசா இதற்குப் போதாது. விண்ணப்பத்தில் பலமுறை நுழைவு என்று குறித்து, கப்பலின் நாள்வாரிப் பயணத் திட்டத்தை இணையுங்கள். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனுக்குள் வந்துவிட்டதால் அதற்குத் தனியாக எதுவும் வேண்டாம்.

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். கடைசி நேரம் வரை காத்திருக்காதீர்கள், மே, ஜூன் பயணங்களுக்கு விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே பாடு. விசாவுக்கு விமான முன்பதிவைக் காட்டினால் போதும், பணம் கட்டிய டிக்கெட் தேவையில்லை. ரத்துசெய்தால் பணம் திரும்பாத டிக்கெட்டை விசா கைக்கு வரும் முன் வாங்கவே வாங்காதீர்கள். அதற்குள் விலை ஏறிவிடும் என்ற பயம் இருந்தால், சிறு கட்டணத்தில் ரத்துசெய்யக்கூடிய வகுப்பில் எடுங்கள். அந்தக் கூடுதல் தொகை வீண் செலவு இல்லை. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

ரோமில் ஏறி பார்சிலோனாவில் இறங்குகிறோம். ரோமுக்குப் போய்வருகிற டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது, பார்சிலோனாவிலிருந்து ரோமுக்கு ஒரு குறைந்த கட்டண விமானம் பிடித்தால் மிச்சம்தானே என்கிறார் எங்கள் ஏஜென்ட். சரியா? (மதுரை வாசகர்)

மிச்சமாகிற தொகையை முதலில் எழுதிப் பார்ப்போம். ஓப்பன் ஜாவுக்கும் ரோம் இருவழி டிக்கெட்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து, குறைந்த கட்டண விமானத்தின் டிக்கெட், அதில் பெட்டிக்குத் தனிக் கட்டணம், தேவைப்பட்டால் ரோமில் ஓர் இரவு அறை, இவற்றைக் கழியுங்கள். சென்னை டிக்கெட்டில் ஆளுக்கு 30 கிலோ கொடுத்திருக்கலாம், குறைந்த கட்டண விமானத்தில் கைப்பை தவிர எல்லாவற்றுக்கும் பணம். பெரும்பாலும் மிச்சம் ஒன்றும் நிற்காது.

பணத்தைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று. அந்த இரண்டு டிக்கெட்டுக்கும் ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லை. பார்சிலோனா–ரோம் விமானம் மூன்று மணி நேரம் தாமதமாகி நீங்கள் சென்னை விமானத்தைத் தவறவிட்டால், இரண்டு நிறுவனத்துக்கும் பொறுப்பில்லை. நீங்கள் ‘வராத பயணி’, புதுடிக்கெட் உங்கள் செலவு. பெட்டியும் நேராகச் சென்னைக்கு வராது. ரோமில் எடுத்துக்கொண்டு, வெளியே வந்து, மறுபடி போட வேண்டும். ஏஜென்ட் சொன்னபடியே செய்வதானால் இரண்டு விமானத்துக்கும் நடுவில் ஓர் இரவு விடுங்கள்.

இதோடு சேர்ந்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறோம். சிலர் பார்சிலோனா இருவழி டிக்கெட் வாங்கி, போகும் பயணத்தை விட்டுவிட்டு, வரும் பயணத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம் என்று நினைக்கிறார்கள். முடியாது. டிக்கெட்டின் முதல் பகுதியில் நீங்கள் ஏறவில்லை என்றால் மீதிப் பகுதிகள் எல்லாம் தானாக ரத்தாகிவிடும்.

கப்பல் விளம்பரத்தில் ‘வெனிஸ்’ என்று போட்டு அடைப்புக்குறிக்குள் ‘ரவென்னா’ என்றிருக்கிறது. எங்கே இறங்க வேண்டும்? (சென்னை வாசகி)

கேட்டது நல்லதாயிற்று. 2021 ஆகஸ்ட் முதல் வெனிஸின் ஜூடெக்கா கால்வாய் வழியே 25,000 டன்னுக்கு மேற்பட்ட பெரிய கப்பல்கள் போகத் தடை. அதனால் பல கப்பல்கள் ரவென்னாவுக்கும் ட்ரியஸ்டேவுக்கும் நகர்ந்துவிட்டன. ரவென்னாவுக்குப் பக்கத்துப் பெரிய விமான நிலையம் போலோனியா, வெனிஸ் அதைவிடத் தூரம். வெனிஸைப் பார்க்க வேண்டும் என்றால் அங்கே இரண்டு நாள் தங்கி, கப்பல் நாளன்று காலையில் தரைவழியே ரவென்னா போங்கள். பார்க்க வேண்டாம் என்றால் டிக்கெட்டைப் போலோனியாவுக்கே எடுங்கள்.

விளம்பரத்தில் இருப்பது ஊரின் பெயர், கப்பல் நிற்பது துறைமுகத்தில். ‘ரோம்’ என்றால் சிவிட்டாவெக்கியா, நகரத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். ஃபியுமிசினோ விமான நிலையத்திலிருந்து நேராகப் போகிறவர்கள் ரோமின் பெரிய நிலையமான டெர்மினிவரை போக வேண்டாம், டிராஸ்டெவெரே நிலையத்தில் ரயில் மாறினால் போதும். ‘லண்டன்’ என்றால் பெரும்பாலும் சௌத்தாம்ப்டன், சுமார் 130 கிலோமீட்டர். ‘பாரிஸ்’ லே ஹாவ்ர், ‘பெர்லின்’ வார்னமுண்டே, இரண்டுமே 200 கிலோமீட்டர் அளவில். ‘பாங்காக்’ லேம் சபாங், அங்கிருந்து நகரத்துக்கே சுமார் இரண்டு மணி நேரம். டிக்கெட் வாங்கும் முன் கப்பல் முன்பதிவுத் தாளில் முனையத்தின் பெயரைப் பார்த்து, வரைபடத்தில் அதிலிருந்து விமான நிலையத்துக்கு வழி போட்டுப் பாருங்கள்.

அலாஸ்கா கப்பல் வான்கூவரில் ஏறி விட்டியரில் இறங்குகிறது. மகன் சியாட்டலில் இருக்கிறான். சியாட்டலிலேயே ஏறி விட்டியரில் இறங்குகிற கப்பல் ஏன் எதுவும் இல்லை? டிக்கெட்டை எப்படி எடுப்பது? (தஞ்சாவூர் வாசகர்)

காரணம் 1886-ம் ஆண்டின் ஓர் அமெரிக்கச் சட்டம். வெளிநாட்டுக் கொடியில் ஓடுகிற கப்பல், அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் ஏற்றிய பயணியை, தொலைதூர வெளிநாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் வேறோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிடக் கூடாது. பெரிய கப்பல்கள் அநேகமாக எல்லாமே வெளிநாட்டுக் கொடியில் ஓடுபவை. சியாட்டலும் விட்டியரும் அமெரிக்கா. அதனால்தான் ஒருவழி அலாஸ்காக் கப்பல்கள் கனடாவின் வான்கூவரிலிருந்து கிளம்புகின்றன.

இந்தச் சட்டம் உங்கள் விமானத் தேதியையும் தொடுகிறது, இதைக் கவனமாகப் படியுங்கள். ஐரோப்பாவில் கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகத்தில் போய்ப் பிடிக்க வாய்ப்பு உண்டு. இங்கே வான்கூவரில் தவறவிட்டு, அடுத்து வரும் அலாஸ்காத் துறைமுகமான கெச்சிகானில் ஏறலாம் என்று நினைத்தால், கெச்சிகான் முதல் விட்டியர்வரை இரண்டு முனையும் அமெரிக்காவாகிவிடுகிறது. ஏற்றிக்கொள்ள மாட்டார்கள், பயணமே போய்விடும். எனவே இந்தப் பயணத்துக்கு மட்டும் இரண்டு நாள் முன்பே போங்கள் என்று வற்புறுத்துகிறோம்.

மகன் சியாட்டலில் இருப்பது உங்களுக்குச் சாதகம். சென்னை–சியாட்டல் இருவழி டிக்கெட் ஒன்று எடுங்கள். மகன் வீட்டில் சில நாள் இருந்து நேர வித்தியாசக் களைப்பைப் போக்கிக்கொண்டு, ரயிலிலோ பேருந்திலோ வான்கூவர் போகலாம், ரயிலில் நான்கு மணி நேரத்துக்கு மேல். இறங்கியபின், விட்டியருக்குப் பக்கத்து நகரமான ஆங்கரேஜிலிருந்து சியாட்டலுக்கு ஒருவழி டிக்கெட், சுமார் மூன்றரை மணி நேரப் பறப்பு. இது தனி டிக்கெட்தான், ஆனால் சென்னை விமானத்துக்கு முன் மகன் வீட்டில் இரண்டு நாள் தங்கப் போவதால் தாமதமானாலும் கவலையில்லை. மதுரை வாசகருக்கு வேண்டாம் என்றதை உங்களுக்குச் சரி என்பது இதனால்தான். சியாட்டலில் யாரும் இல்லாதவர்கள், ‘மல்டி சிட்டி’யில் சென்னை–வான்கூவர், ஆங்கரேஜ்–சென்னை என்று ஒரே டிக்கெட்டாகத் தேடுவதே நல்லது. கத்தார் ஏர்வேஸும் அலாஸ்கா ஏர்லைன்ஸும் ஒன்வேர்ல்டு என்ற ஒரே கூட்டணியில் இருப்பதால் திரும்பும் வழி ஒரே டிக்கெட்டில் அமைய வாய்ப்பு உண்டு.

அமெரிக்கா, கனடா இரண்டு விசாவும் வேண்டும். வான்கூவரில் கப்பல் ஏறும் முன்பே அமெரிக்கக் குடிவரவுச் சோதனை நடந்துவிடும், அதற்கு வரிசை நீளும். விட்டியரிலிருந்து ஆங்கரேஜ் சுமார் 100 கிலோமீட்டர்தான், ஆனால் வழியில் நான்கு கிலோமீட்டர் நீளச் சுரங்கம் ஒன்று. ரயிலுக்கும் வண்டிகளுக்கும் அதே ஒற்றைத் தடம், மணிக்கொருமுறைதான் ஒரு திசைக்குத் திறப்பார்கள். ஐந்து நிமிடத்தில் தவறினால் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். அதனால் ஆங்கரேஜிலிருந்து பிற்பகல் 2 மணிக்கு மேல் கிளம்புகிற விமானம் எடுங்கள்.

சிங்கப்பூரில் ஏறி துபாயில் இறங்கும் கப்பல். எனக்குப் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான், குடும்பப் பெயர் கிடையாது. (திருச்சி வாசகர்)

டிக்கெட் உங்களுக்கு எளிது. இந்த இரண்டு ஊருக்கும் திருச்சியிலிருந்தே குறைந்த கட்டண விமானங்கள் நேராக உண்டு, அவற்றில் ஒருவழி விலை தனியாகவே வைக்கப்படுகிறது. இரண்டு ஒருவழி டிக்கெட் எடுங்கள், ஓப்பன் ஜா தேட வேண்டாம். திருச்சி கவுண்டரில் ‘திரும்பும் டிக்கெட் எங்கே’ என்று கேட்பார்கள். கப்பல் முன்பதிவையும் துபாய்–திருச்சி டிக்கெட்டையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். சிங்கப்பூரிலும் துபாயிலும் இரண்டிரண்டு கப்பல் முனையங்கள் உள்ளன. எது உங்களுடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர்தான் சிக்கல். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று விதி கொண்டுவந்தது. எனவே டிக்கெட் எடுப்பதற்கு முன் பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்து வாங்குங்கள். இது எங்கள் உறுதியான கருத்து. புதுப் பாஸ்போர்ட் வந்தபின் விமானம், கப்பல், விசா மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து அதே பெயர் இருக்கட்டும். நம்மூர் வழக்கப்படி இனிஷியலை மட்டும் போட்டு ஓரிடத்திலும், விரித்து எழுதி இன்னோரிடத்திலும் பதிந்துவிட்டுக் கவுண்டரில் நின்று தவிப்பதை இதனால் தவிர்க்கலாம்.

எல்லாம் செய்தும் விமானம் தாமதமாகி, கப்பல் கிளம்பிவிடும் என்று தெரிந்தால்? (ஈரோடு வாசகி)

முதலில் கப்பல் நிறுவனத்தின் அவசர எண்ணை அழையுங்கள். அது கப்பல் டிக்கெட்டில் இருக்கும், போனில் மட்டும் வைக்காமல் தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் துறைமுகத்தில் எந்த நாளில் ஏறலாம் என்று அவர்கள் சொல்ல வேண்டும், அனுமதி இல்லாமல் அடுத்த ஊருக்குப் போய் நின்றால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். பிறகு விமான நிறுவனக் கவுண்டருக்குப் போய், பார்சிலோனாவுக்குப் பதில் கப்பல் அடுத்து நிற்கும் ஊருக்கு, பேச்சுக்கு மார்செய் என்றால் மார்செய்க்கு, டிக்கெட்டை மாற்றித் தரக் கேளுங்கள். அவசரத்தில் நீங்களே மார்செய்க்குத் தனி டிக்கெட் வாங்கிப் பறந்துவிடாதீர்கள். பழைய டிக்கெட்டில் ஒரு பகுதி பயன்படாமல் நின்று, ஏதென்ஸிலிருந்து திரும்பும் பகுதியும் ரத்தாகிவிடும். மாற்றிய டிக்கெட்டில் திரும்பும் பயணம் உயிரோடு இருக்கிறதா என்று கவுண்டரிலேயே அச்சில் பார்த்துவிட்டு நகருங்கள்.

பெட்டிச் சீட்டையும் மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பெட்டி பார்சிலோனாவில் கிடக்கும். மருந்து, கண்ணாடி, ஒரு நாள் உடை, கப்பல் தாள்கள் நான்கும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். காப்பீட்டில் ‘புறப்பாட்டைத் தவறவிடுதல்’ என்ற பிரிவு இருக்கிறதா என்று பாலிசி வாங்கும்போதே பாருங்கள், ஷெங்கன் விசாவுக்காக வாங்கும் மலிவான பாலிசிகள் பலவற்றில் அது இருக்காது. அந்தப் பிரிவில் பணம் கேட்க, எத்தனை மணி நேரம், என்ன காரணத்தால் தாமதம் என்று விமான நிறுவனம் எழுதிக் கொடுத்த சான்று வேண்டும். ஊருக்கு வந்தபின் வாங்கிக்கொள்ளலாம் என்று விடாமல், விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் வாங்குங்கள். போர்டிங் பாஸ் துண்டுகளையும் எறிந்துவிடாதீர்கள்.